யப்பானிய மகளிரும் கரப்பந்தாட்டமும்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள் மாலை, ரோக்கியோ நகரின் கொமசாவா உள்ளரங்கிலே யப்பானிய மகளிரும் சோவியத்து மகளிரும் ஒலிம்பிக் கரப்பந்தாட்டத்தின் கடைசி ஆட்டத்தில் எதிர்நின்றனர். இரு அணியினரும் அதுகாறும் ஓராட்டத்திலேனும் தோல்வி காணாதவர். எனவே அன்று வெல்பவர்க்கே தங்கப்பதக்கம் என்பது தெளிவு. அன்றிரவு ரோக்கியோவையும் அதனைச் சூழ்ந்த மாகாணங்களையும் சேர்ந்த வீடுகளில் நூற்றுக்கு 66.8 பங்கினர் தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தைக் கண்டனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அந்நாட்டில் வேறெந்த விளையாட்டு ஒளிபரப்பும் இவ்வெண்ணை இன்றுவரை விஞ்சியதில்லை. ஆண்கள் ஆடிய ஆட்டங்களும் இதனுள் அடங்கும்.

ஒரு நாடு முழுவதும் கண்கொட்டாது நோக்கிய அப்பெண்கள் யாவர்? அரச பயிற்சிக் கல்லூரிகளில் வளர்ந்தவரல்லர், பல்கலைக்கழக மாணவியருமல்லர். அவருட் பெரும்பாலோர் ஒசாக்கா மாகாணத்துக் கைசுக்கா என்னும் ஊரிலிருந்த ஒரு நூற்பாலையின் ஊழியர். நாட்டின் அணி என வழங்கியது உண்மையில் ஓர் ஆலையின் அணியே. யப்பானிய மகளிர் கரப்பந்தாட்டத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மையே திறவுகோலாகும். பதக்கங்களை மட்டும் எண்ணிச் செல்லும் வரலாறுகள் இதனை ஓரடியிற் கூறிக் கடந்துவிடுகின்றன.

1991ஆம் ஆண்டில் இலங்கை தன் தேசிய விளையாட்டாக ஏற்றுக்கொண்ட கரப்பந்தாட்டம், 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், வில்லியம் மோர்கன் என்பவராற் கண்டுபிடிக்கப்பட்டது. கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வழியாகவே அது யப்பானை அடைந்தது. ஆயின் ஆசியாவிற் பரவிய ஆட்டம் பக்கத்திற்கு அறுவர் ஆடும் ஆட்டமன்று. தூரகிழக்கு விளையாட்டு விழாக்களில் முதலிற் பதினாறு பேரும், பின்னர்ப் பன்னிருவரும், ஈற்றில் ஒன்பதின்மரும் ஒரு பக்கத்தில் நின்றனர். ஒன்பதின்மர் ஆட்டம் தொழிற்சாலை முற்றங்களுக்கு மிகப் பொருந்தியது. வலையொன்றும் பந்தொன்றும் இருந்தாற் போதும். சிறிய நிலத்திற் பதினெண்மர் ஒருங்கே ஆடலாம். செலவு குறைவு, காயமும் குறைவு. ஆலை நிருவாகிகள் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆலைகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் ஈண்டு இன்றியமையாதது. மெய்ஜி காலந்தொட்டு யப்பானின் பருத்தி நூற்பாலைகளில் உழைத்தவர் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்களே. வறிய உழவர், முகவர்களிடம் முன்பணம் பெற்றுத் தம் மகளிரை ஆலைக்கு அனுப்பினர். பெண்கள் ஆலை வளவுக்குள்ளேயே விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்தனர்; வெளியே செல்வதற்கும் இசைவு வேண்டும். பகலும் இரவும் முறைமாறி இயந்திரங்கள் ஓடின. காசநோய் பலரை வாட்டிற்று. இந்நிலையை ஆலைத் தொழிலாளியாயிருந்த ஹொசொய் வகிசோ 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் உலகறியச் செய்தது. மகளிரை இரவு வேளையில் வேலைவாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 1929ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. விடுதியில் வாழும் இளம்பெண்களின் ஓய்வுநேரத்தை எவ்வாறு நிரப்புவது என்னும் கேள்வி அதன்பின் நிருவாகிகள் முன் எழுந்தது. தையல், மலரலங்காரம் முதலியவற்றோடு கரப்பந்தாட்டமும் அந்நேரத்தில் இடம்பெறலாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் ஆலைகளுக்கிடையே நிகழ்ந்த போட்டிகள் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. வெற்றிபெறும் அணி ஆலைக்கு நற்பெயரையும் புதிய தொழிலாளரையும் ஈட்டித் தந்தது. அந்நாளிற் பெரும் நூற்பு நிறுவனங்களுள் ஒன்றான நிச்சிபோ, தன் பல்வேறு ஆலைகளிற் சிதறிக் கிடந்த ஆட்டக்காரிகளைக் கைசுக்காவில் ஒன்றுசேர்த்து, 1954ஆம் ஆண்டளவில் ஒரே அணியாக்கியது. அதன் பயிற்றுநராக அமர்த்தப்பட்டவர் அந்நிறுவனத்தின் ஊழியரான டைமட்சு ஹிரோபுமி. 1921இற் பிறந்த இவர் போர்க்காலத்திற் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். 1944ஆம் ஆண்டின் இம்பால் படையெடுப்பில், பசியாலும் நோயாலும் ஆயிரமாயிரம் வீரர் மடிந்த மலைக்காடுகளிலிருந்து உயிர்தப்பியவர். பின்னர்ப் பிரித்தானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். மனித உடல் தாங்கவியலாதது என ஒன்றில்லை என்னும் துணிபை அவர் அங்கிருந்தே கொண்டுவந்தார் எனக் கருத இடமுண்டு.

உலகப் போட்டிகள் அறுவர் ஆட்டமாகவே நடைபெற்றன. ஆதலின் நிச்சிபோ அணியினர் தாம் கைவந்த ஒன்பதின்மர் ஆட்டத்தை விடுத்து, ஏறத்தாழப் புதியதோர் ஆட்டத்தைக் கற்கவேண்டியவராயினர். 1960ஆம் ஆண்டு பிறேசிலில் நிகழ்ந்த உலகச் சம்பியன் போட்டியில் முதன்முறை பங்குபற்றிய யப்பான், சோவியத்து ஒன்றியத்திற்கு அடுத்ததாக இரண்டாமிடத்தைப் பெற்றது. 1952, 1956, 1960 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் வாகைசூடிய சோவியத்து மகளிர் உயரத்தாலும் வலிமையாலும் மேம்பட்டவர். வலைக்கு மேலே அவரோடு பொருதல் இயலாது என்பதை டைமட்சு பிறேசிலிற் கண்டார். பொருதவேண்டிய இடம் வலையன்று, தரையே என்பது அவர் முடிபு.

அம்முடிபின் பயனே உருண்டெழும் பந்தேற்பு. எதிரணியினர் அறைந்த பந்து தமக்கு எட்டாத் தொலைவில் வீழுமிடத்து, ஆட்டக்காரி அதனை நோக்கிப் பாய்ந்து, தரையோடு தரையாகக் கையை நீட்டிப் பந்தை எழுப்பி, பாய்ந்த விசையிலேயே தோளின்மேல் உருண்டு, மறுகணம் நிமிர்ந்து தன்னிடத்தில் நிற்பாள். எப்பக்கம் தள்ளினும் தானாக எழுந்து நிற்கும் அடி கனத்த பொம்மையே இதற்கு முன்மாதிரி என்பர். வீழ்ந்தவள் எழுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும் என்பதே முன்னைய ஆட்டத்தின் இடர்ப்பாடு. உருளுதல் அவ்விடர்ப்பாட்டை நீக்கிற்று. இதனோடு, சுழற்சியின்றி மிதந்து வந்து வலையைக் கடந்ததும் மரத்தினின்று உதிரும் இலைபோலத் தடுமாறி வீழும் பணிப்பு முறையையும் அவ்வணியினர் கைக்கொண்டனர். முன்னது காப்பு, பின்னது தாக்கு. இரண்டிற்கும் உயரம் வேண்டியதில்லை. ஆயின் இரண்டிற்கும் காலம் வேண்டும். எண்ணிலடங்கா முறை செய்து பழகினாலன்றி அவை கைவரா.

அக்காலம் எங்கிருந்து கிடைத்தது? பெண்கள் காலை முதல் பிற்பகல் வரை ஆலையிற் பணிபுரிந்தனர். பணி முடிந்ததும் பயிற்சி தொடங்கும். நள்ளிரவு வரையும், சிலவேளை அதற்கப்பாலும் அது நீளும். டைமட்சு ஒரு மேடைமேல் நின்று பந்தை இடைவிடாது எறிவார்; களத்தில் நிற்பவள் வீழ்ந்தும் உருண்டும் எழுந்தும் அதனை ஏற்பாள். ஞாயிறும் விடுமுறையும் அவருக்கு இல்லை. இயந்திரத்தின் முன்னே பெண்கள் இரவில் நிற்றலாகாது எனச் சட்டம் விதித்த நாட்டில், அதே ஆலையின் அரங்கத்திலே பெண்கள் நள்ளிரவுவரை நின்றனர் என்பது எண்ணிப்பார்த்தற்குரியது.

1961ஆம் ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இவ்வணி தோல்வியின்றி வென்றது. சோவியத்துச் செய்தித்தாள்கள் இவர்களைக் கிழக்கின் சூனியக்காரிகள் என வருணித்தன; அப்பெயரே நிலைத்தது. 1962ஆம் ஆண்டு மொஸ்கோவில் நிகழ்ந்த உலகச் சம்பியன் போட்டியில், சோவியத்து மகளிரை அவர்தம் தலைநகரிலேயே மூன்றுக்கு ஒன்று என்னும் சுற்றுக்கணக்கில் யப்பான் வீழ்த்தியது. மகளிர் உலகப் பட்டம் சோவியத்து ஒன்றியத்தை விட்டு நீங்கியது அதுவே முதன்முறையாகும்.

இவ்வெற்றியோடு விலகுதல் வேண்டும் என்பதே ஆட்டக்காரிகள் பலருடைய எண்ணமாயிருந்தது. அணித்தலைவி கசாய் மசயே 1933இற் பிறந்தவர். அந்நாளைய யப்பானிய வழக்கின்படி மணவயதைக் கடந்துவிட்டவர் எனக் கருதப்பட்டார். ஆனால் 1964இல் ரோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடைபெறவிருந்தது. மகளிர் கரப்பந்தாட்டமும் அதிற் சேர்ந்தது. மகளிர்க்குரிய குழுப் பந்தாட்டம் ஒன்று ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அவர்களைத் தொடர்ந்து ஆடுமாறு வேண்டிக் கடிதங்கள் நாடெங்குமிருந்து வந்து குவிந்தன. 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மேலும் ஈராண்டு ஆடுவதென அவர்கள் முடிவுசெய்தனர்.

இம்முடிவைச் செய்தவர் யார் என்னும் வினாவிலேதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை இருக்கின்றது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க விளையாட்டு இதழொன்று கைசுக்காவின் பயிற்சியை வருணித்து, மனித மாண்பின் எல்லைக்கப்பால் இப்பெண்கள் துரத்தப்படுகின்றனர் என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டது. யப்பானிலும் டைமட்சுவைக் கொடியவர் எனக் கூறியோர் உண்டு. மறுபுறம், 1963இல் அவர் எழுதிய, தம்மைப் பின்தொடருமாறு அழைக்கும் தலைப்புடைய நூல் பெருவிற்பனையாயிற்று; தொழில் முதலாளிகள் அதனைத் தம் ஊழியர்க்கு வழங்கத்தக்க நூலாகக் கொண்டனர். இரு சாராரும் ஒரு பிழையை ஒப்பச் செய்தனர்: இருவரும் பயிற்றுநரையே நோக்கினர்; பெண்களை நோக்கவில்லை. அப்பெண்களோ, தாம் வற்புறுத்தப்பட்டு ஆடவில்லை என்பதைப் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளனர். 2021ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் யூலியன் பரோ எடுத்த ஆவணப்படத்தில், முதுமையெய்திய அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அந்நாட்களை நினைவுகூர்வதைக் காணலாம். அவர்களுடைய சொல்லைப் புறக்கணித்து, அவர்க்காக இரங்குதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. எனினும் அச்சொல்லால் வினா முற்றும் தீர்ந்துவிட்டதாகவும் கொள்ளவியலாது. ஊதியம் தருவதும் ஆலை. உறைவிடம் தருவதும் ஆலை. பந்து தருவதும் ஆலை. இவ்வாறிருக்க, ஆடமாட்டேன் என்று கூறும் உரிமை எத்துணை அகலமுடையதாயிருந்திருக்கும்? விருப்பம் உண்மையே, அவ்விருப்பம் முளைத்த நிலம் மற்றொருவருக்குரியது என்பதும் உண்மையே.

ஒலிம்பிக் ஆட்டத்திற்கு ஆறு அணிகள் வந்தன. முந்திய ஆண்டில் யகார்த்தாவில் நிகழ்ந்த விளையாட்டு விழா பற்றிய பிணக்கினால் வட கொரியா விலகவே, தென் கொரியா சேர்ந்தது. யப்பான் ஐந்து ஆட்டங்களிலும் வென்றது; போலந்துக்கு ஒரு சுற்றை மாத்திரம் இழந்தது. சோவியத்து ஒன்றியத்துடனான ஆட்டத்தில் முதலிரு சுற்றுக்களும் 15-11, 15-8 என முடிந்தன. மூன்றாஞ் சுற்றில் யப்பான் 14-9 என முன்னின்றபோது ஆட்டம் முடிந்ததாகவே அரங்கத்தினர் எண்ணினர். ஆனால் அக்காலத்து விதிப்படி, பந்தைப் பணிக்கும் பக்கத்தார்க்கே புள்ளி கிடைக்கும். யப்பானியர் மீண்டும் மீண்டும் பணித்தும் அக்கடைசிப் புள்ளி கைகூடவில்லை. சோவியத்து மகளிரோ ஒவ்வொன்றாகச் சேர்த்து 13ஐ எட்டினர். ஈற்றில், சோவியத்து ஆட்டக்காரி ஒருவரின் கை வலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் சென்றதென நடுவர் தவறு காட்ட, 15-13 என ஆட்டம் முடிந்தது. கண்கவர் அறைவீச்சால் அன்றி, ஊதுகுழலோசையால் வந்த வெற்றி. யப்பானியப் பெண்கள் ஒருவரையொருவர் தழுவிக் கண்ணீர் சொரிந்தனர். டைமட்சு ஓரத்தில் தனித்திருந்தார்.

சில வாரங்களின் பின்னர்ப் பிரதமராகப் பதவியேற்ற சட்டோ எய்சாக்குவிடம், மணமகனைத் தேட நேரமிருந்ததில்லை எனக் கசாய் கூறியதாகவும், பிரதமர் முன்னின்று அறிமுகஞ் செய்த பாதுகாப்புப் படை அதிகாரியை 1965இல் அவர் மணந்ததாகவும் வரலாறு கூறும். ஒரு நாட்டின் பிரதமர் மணப்பேச்சு நடத்தவேண்டிய அளவிற்கு அப்பெண்ணின் காலம் நாட்டிற்குக் கடனாகச் சென்றிருந்தது போலும். கசாய் 2013ஆம் ஆண்டு, தமது 80ஆவது வயதில் மறைந்தார்.

நிச்சிபோ அணி 1959 முதல் தொடர்ச்சியாக 258 ஆட்டங்களில் வென்று, 1966ஆம் ஆண்டில் யாஷிகா என்னும் ஒளிப்படக்கருவி நிறுவனத்தின் அணியிடம் தோற்றது. நூற்பாலையை ஒளிப்படக்கருவி ஆலை வென்றது தற்செயலென்று தள்ளத்தக்கதன்று. யப்பானின் பொருளாதாரமே அப்போது பஞ்சினின்றும் மின்பொறிகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1970களில் நாட்டு அணிக்கு உயிர்நாடியாய் நின்றதும், யமதா சிகெயோ பயிற்றுவித்த ஹிட்டாச்சி நிறுவனத்தின் அணியே.

இடைப்பட்ட ஆண்டுகளின் பெறுபேறுகளைச் சுருங்கக் கூறலாம். 1967இல் ரோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் யப்பான் வென்றதாயினும், வட கொரியா, கிழக்கு செருமனி ஆகியவற்றின் பெயரும் கொடியும் பற்றிய பிணக்கினாற் சோவியத்துச் சார்பு நாடுகள் வாராதொழிய, நான்கு அணிகளே ஆடின. அவ்வாகையைப் பெரிதாகக் கொள்ளுதற்கில்லை. 1968இல் மெக்சிக்கோவிலும் 1972இல் மியூனிக்கிலும் சோவியத்து ஒன்றியத்திடம் தோற்று வெள்ளிப் பதக்கமே பெற்றது. 1974இல் உலகப் பட்டம் மீண்டும் கிட்டியது. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஒரு சுற்றையேனும் இழக்காது தங்கம் வென்றது. இறுதியாட்டத்தின் கடைசிச் சுற்றில் சோவியத்து மகளிர் பெற்ற புள்ளிகள் இரண்டே. 1977இல் உலகக் கிண்ணமும் சேர்ந்தது. ஆட்டத் திறனைக் கொண்டு மதிப்பிடுமிடத்து, 1964ஆம் ஆண்டு அணியினும் 1976ஆம் ஆண்டு அணியே சிறந்ததெனல் வேண்டும். எனினும் மக்கள் நினைவில் முன்னதே நிற்கின்றது.

அதன்பின் நேர்ந்த இறக்கத்திற்குக் காரணம் யாது? யப்பானிய மகளிரின் மேம்பாடு உடலமைப்பில் இருந்ததன்று. பிறர் செலவிடாத மணித்தியாலங்களைத் தாம் செலவிட்டமையில் இருந்தது. அதனைப் பிறரும் செலவிடத் தொடங்கியதும் அம்மேம்பாடு தேய்ந்தது. அதனைக் கற்பித்தவர்களும் யப்பானியரே என்பது இவ்வரலாற்றின் விந்தை. 1965ஆம் ஆண்டு ஏப்பிரலில், சீனப் பிரதமர் சோ என்லாயின் அழைப்பையேற்று டைமட்சு சீனா சென்று, ஒரு மாத காலம் அந்நாட்டு மகளிரைத் தம் முறையிற் பயிற்றினார். அதே ஆண்டிற் கட்டோ அகிரா பெரு நாட்டிற்குப் பயிற்றுநராகச் சென்று, 1982இல் இறக்கும்வரை அங்கே தொண்டாற்றினார். 1981ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைச் சீனா வென்றது, ஒசாக்காவிலே யப்பானை மூன்றுக்கு இரண்டு எனத் தோற்கடித்து. கைசுக்கா இருப்பதும் அம்மாகாணத்திலேயே. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் யப்பானை வீழ்த்தியது பெரு. மூன்றாமிடத்திற்கான ஆட்டத்தில் வீழ்த்தியது சீனா. கட்டோவும் டைமட்சுவும் விதைத்த நிலங்கள் இரண்டும் ஒரே விழாவில் விளைவு காட்டின. டைமட்சு அதனைக் காண இருக்கவில்லை. 1968இல் மேலவை உறுப்பினராகத் தெரிவான அவர் 1978இற் காலமானார்.

விதிகளும் மாறின. தடுப்போர் வலைக்கு மேலே எதிர்ப்பக்கம் கைநீட்டலாம் என ரோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து விதிக்கப்பட்டமை உயர்ந்தோர்க்கு ஆக்கமாயிற்று. 1984இல் வெண்கலம் பெற்ற யப்பான், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவேயில்லை. அவ்வாண்டிலேயே, நிச்சிபோவின் வழிவந்த யுனிற்றிக்கா நிறுவனம் தன் அணியைக் கைவிட்டது. தோரே என்னும் மற்றொரு இழைத்தொழில் நிறுவனம் அவ்வணியை ஏற்றது. ஹிட்டாச்சியின் அணியும் மறு ஆண்டில் மறைந்தது.

பின்னர் ஓரளவு மறுமலர்ச்சி உண்டாயிற்று. 2010இல் உலகப் போட்டியில் வெண்கலம். 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில், 28 ஆண்டுகளின் பின், மீண்டும் வெண்கலம். இலண்டனிற் காலிறுதியிற் சீனாவை எதிர்த்தாடிய ஐந்து சுற்றுக்களும் இவ்விரண்டு புள்ளி வேறுபாட்டிலேயே முடிந்தன. பந்தை எடுத்துக்கொடுத்த தக்கெசித்தா யொசியே 159 சென்ரிமீற்றர் உயரமே உடையவர். பயிற்றுநர் மனபே மசயொசி, கையில் ஒரு சிறு கணினியை ஏந்தி நின்று, எதிரணியின் போக்கைப் புள்ளிவிவரங்களாற் கணித்தார். மேடைமேல் நின்று நள்ளிரவுவரை பந்தெறிந்தவருக்கும் இவருக்கும் இடையே அரை நூற்றாண்டு உண்டு. 2024ஆம் ஆண்டு நாடுகளின் கழகப் போட்டியில் இரண்டாமிடமும், 2025ஆம் ஆண்டு தாய்லாந்தில் நிகழ்ந்த உலகப் போட்டியில் நான்காமிடமும் யப்பானுக்குக் கிடைத்தன.

இலண்டன் அணியின் தலைவி அராக்கி எரிக்கா, தோரே அணியைச் சேர்ந்தவர். யுனிற்றிக்கா வழியாக நிச்சிபோவின் கைசுக்கா அணிக்கு உரிமை கூறத்தக்கது அவ்வணி. ஆலை முற்றத்தில் ஆடிய பழைய ஒன்பதின்மர் ஆட்டமும் அழிந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டு ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்ட தலைமுறையின் இல்லத்தரசியர், பாடசாலை அரங்குகளை மாலைவேளைகளிற் பெற்று ஆடத்தொடங்கினர். அன்னையர் கரப்பந்தாட்டம் என்று பெயர்பெற்ற அதில், இன்றும் பக்கத்திற்கு ஒன்பதின்மரே நிற்கின்றனர்.